அவர் வந்து குடியேறினால் என் பெனிபிட் என்ன ஆகும்? இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவருடைய கணக்கு

"அக்கா, அவர் எங்களோடு வந்து இருந்தால் எனக்கு வருகிற காசு எல்லாம் நின்றுவிடுமா?"

கேட்டவளுக்கு வயது 36. விவாகரத்தாகி நான்கு வருடம். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்கு 10, இளையவளுக்கு 6. லண்டனின் வடமேற்குப் புறநகரில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீடு, முதியோர் இல்லமொன்றில் பகுதிநேர வேலை. இந்தக் கேள்வியை ஐந்து மாதமாக ஒருவரிடமும் கேட்காமல் வைத்திருந்திருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடிதம் வாசித்துச் சொல்வதும் படிவம் நிரப்பிக் கொடுப்பதுமாக எங்கள் ஆட்களுக்குப் பல வருடமாக உதவி வருகிறேன். பிள்ளைகளோடு தனியாக நிற்கும் பெண்கள் மறுபடி ஒரு வாழ்க்கையைத் தொடங்கத் தயங்குவதற்குச் சொல்லும் முதல் காரணம் ஊர் வாய். அடுத்த காரணத்தைச் சொல்வதற்குள் குரல் இறங்கிவிடும். அது இந்தக் காசுதான்.

அவளுடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம், தங்கை என்றே சொல்கிறேன். தொகைகள் 2025 ஏப்ரல் முதல் 2026 ஏப்ரல் வரையிலான ஆண்டுக்குரியவை. ஒவ்வொரு ஏப்ரலிலும் அவை மாறும், கணக்குப் போடும் முறை அப்படியே இருக்கும்.

கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கங்கள்

தங்கை வரும்போது மூத்த மகளின் பழைய கணிதக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தாள். முன்பக்கங்களில் பிள்ளையின் பெருக்கல் கணக்குகள். கொப்பியைத் திருப்பினால், பின்னாலிருந்து தாயின் கணக்கு. கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கமாகப் பென்சிலால் எழுதியிருந்தாள். ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதியைச் சுற்றி ஒரு வட்டம். வருமானம் குறைந்தவர்களுக்குப் பிரித்தானிய அரசு மாதாமாதம் கொடுக்கும் யூனிவர்சல் கிரெடிட் வரும் நாள் அது.

அவளுக்கு வந்துகொண்டிருந்ததை நான் பிரித்து எழுதிக் காட்டினேன். 25 வயதைத் தாண்டிய தனியாளுக்கான அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண். 2017 ஏப்ரல் 6க்கு முன் பிறந்த மூத்தவளுக்கு 339 பவுண், இளையவளுக்கு 292.81. வாடகை 1,350, அவளுடைய பகுதிக்கான உச்சவரம்புக்குள் இருப்பதால் முழுவதுமாகச் சேர்கிறது. ஆக மொத்தம் 2,381.95.

இதிலிருந்துதான் சம்பளத்துக்கான கழிவு. அவள் கையில் வாங்குவது மாதம் 1,000 பவுண். பிள்ளைகள் இருந்து, வாடகைப் பங்கும் கிடைக்கிற குடும்பத்துக்கு முதல் 411 பவுண் சம்பளத்தை அவர்கள் தொடுவதில்லை. மிச்சம் 589. அதில் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் வீதம் 323.95 கழிகிறது. கைக்கு வருவது 2,058 பவுண்.

இதற்கு வெளியே, பிள்ளைகளுக்காக அரசு கொடுக்கும் சைல்ட் பெனிபிட் கிழமைக்கு 43.30. பிள்ளைகளின் தகப்பன் கொடுக்கும் பராமரிப்புப் பணம் மாதம் 240, அதை யூனிவர்சல் கிரெடிட் வருமானமாகப் பார்ப்பதே இல்லை. உள்ளூராட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரியில், வீட்டில் ஒரே ஒரு வயதுவந்தவர் என்பதற்காக 25 சதவீதத் தள்ளுபடி. 2,000 பவுண் பில் 1,500க்கு இறங்கியிருந்தது.

"இவ்வளவு பிரிவு இருக்கிறதா?" என்று கேட்டாள். நான்கு வருடமாக ஒரே தொகையாகத்தான் அதைப் பார்த்திருக்கிறாள். ஒரே தொகையாகப் பார்த்தால் அது ஒரேயடியாகப் போய்விடும் என்ற பயம் வரத்தான் செய்யும்.

மூன்று இரவுக் கதை

அவளோடு வேலை செய்யும் ஒருத்தி சொல்லியிருக்கிறாள், கிழமையில் மூன்று இரவுக்கு மேல் தங்கினால்தான் பிரச்சினை என்று. கோயிலில் சந்தித்த இன்னொருத்தி, கல்யாணத்தைப் பதிவு செய்யாதவரை தனியாள்தான் என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். இரண்டும் பிழை. இரண்டையும் நம்பி மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று இரவு என்ற விதி எங்கேயும் இல்லை. தன் வாடகை அறையை வைத்துக்கொண்டு நான்கு இரவு வந்து நிற்கிறவர் சேர்ந்து வாழாதவராக இருக்கலாம். இரவு வேலை காரணமாகக் கிழமைக்கு இரண்டு இரவு மட்டுமே வீட்டில் படுக்கிறவர், வேறு வீடு இல்லாதவரென்றால், சேர்ந்து வாழ்கிறவராக இருக்கலாம். பார்க்கப்படுவது முழு வாழ்க்கை: இருவருக்கும் ஒரே வீடா, உறவு நிலையானதா, காசு எப்படிப் புழங்குகிறது, பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள், தாம்பத்திய உறவு உண்டா, உறவினரும் அயலவரும் இவர்களை என்னவாக அறிந்திருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் நீதிமன்றத்துக்குப் போன க்ரேக், பட்டர்வர்த் வழக்குகளில் இந்த அடையாளங்கள் நல்ல கைகாட்டிகள் என்று ஏற்கப்பட்டன. கைகாட்டி என்ற சொல் முக்கியம். எந்த ஒன்றும் தனியே முடிவைத் தராது. பட்டர்வர்த் வழக்கில், விபத்தில் காயப்பட்ட ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்வதற்காக ஒருவர் அவள் வீட்டுக்கு வந்து தங்கினார். அவர்கள் கணவன் மனைவியாக வாழவில்லை என்றே நீதிமன்றம் சொன்னது. ஒரே கூரை என்பதற்காக ஒரே குடும்பம் ஆகிவிடாது. பிரிந்த பிறகும் வேறு வழியின்றி ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் தனித்தனியாகச் சமைத்துச் சீவிக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தாலி விஷயத்துக்கு வருகிறேன். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டு, பதிவை மட்டும் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிடுவது எங்கள் ஆட்களிடையே உண்டு. யூனிவர்சல் கிரெடிட்டுக்குப் பதிவுச் சான்றிதழ் தேவையே இல்லை. ஒரே வீட்டில் கணவன் மனைவி போல வாழ்கிற இருவர் அதற்கு ஒரு சோடிதான். அந்தச் சடங்கும் படங்களும் வாழ்த்துகளும், ஊர் இவர்களைச் சோடியாக அறிந்திருக்கிறது என்பதற்கே சாட்சியாகும்.

தங்கையின் துணைவர் அதுவரை வெம்பிளியில் ஓர் அறையில் இருந்தார். வெள்ளி இரவு வந்து நிற்பார், ஞாயிறு மாலை போய்விடுவார். அறைக்கு மாதம் 650 பவுண் தானே கட்டினார். அவருடைய உடுப்பு, கடிதங்கள், காப்புறுதி எல்லாம் அந்த விலாசத்தில். அந்த நிலையில் அவள் தனியாள்தான், மறைத்த குற்றம் எதுவும் இல்லை. இதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த தெளிவை மறக்க மாட்டேன். ஐந்து மாதமாகத் தான் களவு செய்கிறோமோ என்று நினைத்துக்கொண்டே வெள்ளிக்கிழமை சமைத்திருக்கிறாள்.

இருவருமாகப் போட்ட கணக்கு

அவர் குடியேறியதும் அவளுடைய தனி விண்ணப்பம் முடிந்து, இருவரும் சேர்ந்த கூட்டு விண்ணப்பம் தொடங்கும். துணைவர் களஞ்சியமொன்றில் முழுநேர வேலை, கையில் மாதம் 1,900 பவுண். பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர்.

சோடிக்கான அடிப்படைத் தொகை 628.10. தனியாள் தொகையின் இரட்டிப்பு அல்ல, ஏறியது 227.96 மட்டும். பிள்ளைகளின் பங்கும் வாடகையும் அப்படியே, மொத்தம் 2,609.91. சம்பளம் இருவருடையதும் சேர்ந்து 2,900. சலுகையாக விடும் 411 சோடிக்கும் ஒன்றுதான், ஆளுக்கொன்று கிடையாது. மிச்சம் 2,489இல் 55 சதவீதம் 1,368.95. கைக்கு வருவது 1,240.96.

2,058 எங்கே, 1,240.96 எங்கே. 817 பவுண் குறைந்துவிட்டது. தங்கை பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் அவளிடம் இன்னொரு வரி எழுதச் சொன்னேன். வீட்டுக்குள் வரும் புதிய சம்பளம் 1,900. அதில் 817ஐக் கழித்தால் வீடு மாதத்துக்கு 1,083 பவுண் கூடுதலாக வைத்திருக்கிறது. அவருடைய அறை வாடகை 650உம் இனி இல்லை. குடும்பமாகப் பார்த்தால் நட்டம் இல்லை, நல்ல இலாபம்.

ஆனால் குறைகிற 817 தாயின் வங்கிக் கணக்கில் குறைகிறது. கூடுகிற 1,900 அவருடைய கணக்கில் இருக்கிறது. வாடகை அவள் பெயரில், மின்சாரம் அவள் பெயரில், பிள்ளைகளின் பள்ளிச் செலவு அவள் தலையில். அவர் தன் சம்பளத்தை வீட்டுக்குத் திறந்துவிடுவார் என்று விதி எடுத்துக்கொள்கிறது. திறந்தாரா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. பிள்ளைகள் அவருக்குப் பிறந்தவர்களா என்பதும் கணக்கில் வராது. இதைச் சரியென்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சட்டப்படி எந்தக் கடமையும் இல்லாத ஒருவரின் சம்பளத்தை, முதல் நாளிலிருந்தே அந்தப் பிள்ளைகளின் சோற்றுக் காசாக எழுதிவிடுகிறார்கள். விதி இப்படி இருக்கும்வரை, குடியேறுவதற்கு முன் பேசித் தீர்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். யார் எவ்வளவு, எந்தத் தேதியில், யாருடைய கணக்குக்குப் போடப்போகிறார்கள்?

தங்கை அன்றிரவே கேட்டிருக்கிறாள். "வீட்டுக்குத் தேவையானதை நான் வாங்கிப் போடுவேன்தானே, இதற்குள் கணக்கு எதற்கு?" என்று அவர் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், மனம் நோகத்தான் செய்திருக்கும். அவள் சொன்ன பதிலை மறுநாள் என்னிடம் அப்படியே சொன்னாள்: "நீங்கள் வாங்கிப் போடுவீர்கள். ஆனால் பிள்ளைக்குச் சப்பாத்து வேண்டுமென்றால் நான் உங்களிடம் கேட்டு நிற்க வேண்டும். நான்கு வருடமாக நான் ஒருவரிடமும் கேட்டு நிற்கவில்லை."

சீட்டுக் காசும் பருத்தித்துறை வீடும்

நான் கேட்டிருக்காவிட்டால் தவறிப்போயிருக்கும் விஷயம் இது. சம்பளத்தைச் சொன்னார்கள், சேமிப்பைச் சொல்லவில்லை. மறைக்க நினைத்ததில்லை, அது பெனிபிட்டோடு சம்பந்தப்பட்டதென்று இருவருக்கும் தோன்றவில்லை.

துணைவர் முந்தின மாதம் ஒரு சீட்டை எடுத்திருந்தார். அதோடு அவருடைய கணக்கில் 17,400 பவுண் இருந்தது.

யூனிவர்சல் கிரெடிட்டில் சேமிப்பு 16,000 பவுணைத் தாண்டினால் ஒன்றுமே கிடையாது. அந்த எல்லை தனியாளுக்கும் 16,000, சோடிக்கும் அதே 16,000. அதாவது 17,400ஐ வைத்துக்கொண்டு அவர் குடியேறியிருந்தால் அவளுடைய 2,058 பவுண் முழுவதும் பூச்சியமாகியிருக்கும். வாடகைப் பங்கு உட்பட.

"தம்பியின் கணக்கில் போட்டுவிட்டால்?" என்று துணைவர் தொலைபேசியில் கேட்டார். வேண்டாம் என்று உடனே சொன்னேன். பெனிபிட் எடுப்பதற்காகக் காசைக் கைமாற்றினால், அது இன்னும் அவரிடம் இருப்பதாகவே கணக்கிடுவார்கள். காசும் போய், பெனிபிட்டும் போய்விடும். ஆனால் உண்மையான கடனை அடைப்பதற்கும், நிலைமைக்கு நியாயமான பொருள்களை வாங்குவதற்கும் செலவழித்தால் அப்படிக் கருதக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. அவருக்குக் காருக்கு எடுத்த கடனில் 5,000 பவுண் மிச்சம் இருந்தது. எப்படியும் அடைக்க வேண்டியதுதான். அடைத்தார், கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மீதி 12,400.

6,000க்கும் 16,000க்கும் இடையில் இருக்கும் சேமிப்புக்கு வேறொரு கழிவு உண்டு. 6,000க்கு மேலே ஒவ்வொரு 250 பவுணுக்கும், மிஞ்சும் துண்டுக்கும் சேர்த்து, மாதம் 4.35 பவுண் வருமானம் வருவதாக எடுத்துக்கொள்வார்கள். வங்கி உண்மையில் எவ்வளவு வட்டி கொடுக்கிறது என்பது பொருட்டில்லை. 12,400க்கு அது 26 தடவை, அதாவது 113.10 பவுண். கூட்டுத் தொகை 1,240.96இலிருந்து 1,127.86க்கு இறங்கியது. தங்கையின் கணக்கில் உண்மையான பள்ளம் 930 பவுண்.

பிறகு, சும்மா பேச்சோடு பேச்சாக, பருத்தித்துறையில் ஒரு வீடு அவருடைய பெயரில் இருப்பதாகச் சொன்னார். தாயார் அதில் இருக்கிறார், வயது 71. வெளிநாட்டுச் சொத்தும் சொத்துத்தான். அதன் பெறுமதி 16,000 எல்லைக்குள் சேரும். அவரைக் காப்பாற்றியது தாயாரின் வயது. நெருங்கிய உறவினர் ஒருவர், ஓய்வூதிய வயதை எட்டியவராகவோ வேலை செய்யும் உடல்நிலை இல்லாதவராகவோ இருந்து, அந்த வீட்டைத் தன் வீடாகக் கொண்டு வசித்தால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதே வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் கதை வேறு. ஊரில் காணியும் வீடும் பெயரில் இல்லாதவர்கள் எங்களில் குறைவு. 'அது ஊரில் கிடக்கிறது' என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரு கிழமை தள்ளிப்போட்டது

அவர்கள் குடியேற நினைத்தது 2025 அக்டோபர் 11, சனிக்கிழமை. தங்கையின் மதிப்பீட்டுக் காலம், அதாவது யூனிவர்சல் கிரெடிட்டைக் கணக்கிடும் மாதம், ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 13ஆம் தேதி முடிகிறது. யூனிவர்சல் கிரெடிட்டில் ஒரு மாற்றம் நடந்தால், அது நடந்த மதிப்பீட்டுக் காலத்தின் முதல் நாளிலிருந்தே நடந்ததாக எடுத்துக்கொள்வார்கள். 11ஆம் தேதி குடியேறினால், அவர் இல்லாத செப்டம்பர் 14 முதல் அந்த மாதம் முழுவதும் சோடியாகக் கணக்குப் போடப்படும். 18ஆம் தேதி குடியேறினால் அந்த மாதம் தனியாள் மாதமாகவே முடியும். ஏழு நாள் பொறுத்ததில் 930 பவுண்.

இதில் எந்த ஏமாற்றும் இல்லை. அந்த ஏழு நாளும் அவர் உண்மையிலேயே வெம்பிளி அறையில் இருந்தார். உங்களுடைய மதிப்பீட்டுக் காலம் எது என்பது கணக்கின் அறிக்கையில் மேலேயே எழுதியிருக்கும். பெட்டி கட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

18ஆம் தேதி மாலை, சோபாவில் அவருடைய பைகள் பிரிக்கப்படாமல் கிடக்க, அவள் தன் இணையக் கணக்கில் மாற்றத்தை அறிவித்தாள். ஓர் இணைப்புக் குறியீடு வந்தது. அவர் தன் கைபேசியில் புதிதாகக் கணக்குத் தொடங்கி அந்தக் குறியீட்டைப் போட்டார். இருவரும் தனித்தனியாக அடையாளத்தை உறுதிப்படுத்தி, பணம் பெறுவதற்குத் தாங்கள் செய்ய வேண்டியவற்றை எழுதிய கடப்பாட்டுப் படிவத்தை ஏற்க வேண்டியிருந்தது. சேமிப்பு, கடன் அடைத்தது, ஊர் வீடு எல்லாவற்றையும் ஜர்னலில், அதாவது இணையக் கணக்கில் அலுவலகத்தோடு செய்தி பரிமாறும் பக்கத்தில், எழுதிவைக்கச் சொன்னேன். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை, எழுதியதற்குத் தேதியோடு சாட்சி இருக்கும்.

கூட்டு விண்ணப்பத்தின் பணம் ஒரே வங்கிக் கணக்குக்குத்தான் போகும். எந்தக் கணக்கு என்று படிவத்தில் கேட்பார்கள். பிள்ளைகளைப் பார்க்கிறவரின் கணக்கைக் கொடுக்கலாம். தங்கையின் கணக்கையே கொடுத்தார்கள். காசை ஒருவர் பிடித்து வைத்து மற்றவரைத் தவிக்கவிடும் வீடுகளில், பணத்தைப் பிரித்து இருவருக்கும் போடும்படி கேட்கவும் வழியுண்டு. அந்த நிலையில் இருக்கும் பெண்கள் ஜர்னலில் எழுத வேண்டாம். கூட்டு விண்ணப்பமென்றால் மற்றவருடைய கண்ணிலும் படலாம். தொலைபேசியில் கேளுங்கள், அல்லது நேரில் போங்கள்.

மாறாதவையும் மறக்கப்படுபவையும்

சைல்ட் பெனிபிட் தொகை மாறவில்லை. இருவரில் ஒருவருடைய ஆண்டு வருமானம் 60,000 பவுணைத் தாண்டினால்தான், கூடச் சம்பாதிப்பவர் வரியாகத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். 80,000இல் முழுவதும் போய்விடும். அவர் பிள்ளைகளின் தகப்பன் இல்லை என்பதும் அங்கே உதவாது. தகப்பன் கொடுக்கும் 240 பவுண் பராமரிப்பும் தொடர்கிறது. தாய் வேறொருவரோடு வாழ்வதால் தகப்பனின் கடமை குறைவதில்லை. இதைச் சொல்லி நிறுத்தப் பார்ப்பவர்கள் உண்டு, விட்டுக்கொடுக்காதீர்கள்.

கவுன்சில் வரித் தள்ளுபடி போய்விட்டது. அதைக் கவுன்சிலுக்கு வேறாக அறிவிக்க வேண்டும். யூனிவர்சல் கிரெடிட்டில் சொன்னால் போதும் என்று விடுகிறவர்களுக்குப் பல மாதம் கழித்து நிலுவைப் பில் வரும். வீட்டுச் சொந்தக்காரரிடமும் முன்கூட்டிச் சொல்லி, துணைவருடைய பெயரை ஒப்பந்தத்தில் குடியிருப்பவராகச் சேர்த்தார்கள்.

தங்கையின் கதையில் வராத இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் அதிகம். கணவனை இழந்தவர்களுக்கு: 2017 ஏப்ரல் 6 முதல் இறந்தவர்களின் துணைக்குக் கிடைக்கும் இழப்பு ஆதரவுக் கொடுப்பனவு, மறுபடி ஒருவரோடு சேர்ந்தாலும் நிற்காது. அந்தத் தேதிக்கு முன் இறந்தவர்களுக்குரிய பழைய விதவைப் பெற்றோர் கொடுப்பனவு, சேர்ந்து வாழத் தொடங்கினாலே நிற்கும். அடுத்தது, விசாவில் அரச உதவி பெற முடியாது என்ற நிபந்தனை உள்ள துணைவர். அவர் வந்தால் தாய் தனியாள் தொகையோடுதான் இருப்பாள், 628.10 கிடையாது. ஆனால் அவருடைய சம்பளமும் சேமிப்பும் முழுவதும் கணக்கில் சேரும். இருபக்கமும் இடி. குடிவரவுச் சட்டம் தெரிந்த ஆலோசகரைப் பார்க்காமல் அந்த நிலையில் எந்தப் படிவத்திலும் கை வைக்கக்கூடாது.

சொல்லாமல் விட்டிருந்தால்

தங்கை ஒரு கட்டத்தில் கேட்டாள்: "சொல்லாமலே இருந்தால் என்ன, அக்கா? எத்தனை பேர் இருக்கிறார்கள்." கோபப்படவில்லை. அவளுடைய எண்களை வைத்தே அதற்கும் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

பதினெட்டு மாதம் கழித்துப் பிடிபடுகிறது என்று வைப்போம். அவருடைய கார் காப்புறுதி அந்த விலாசத்தில், வாக்காளர் பட்டியல் அந்த விலாசத்தில், பிள்ளையின் பள்ளியில் அவசரத் தொடர்புக்கு அவருடைய எண். தனியாளாக எடுத்த 2,058 பவுணும் தவறு என்றால் 18 மாதத்துக்கு 37,044 பவுண் திருப்பிக் கேட்கலாம். மேலே 50 பவுண் அபராதமோ வழக்கோ வரலாம். கடனைத் திருப்பிக் கட்டிவிடலாம், நேர்மையீனம் என்ற குற்றப்பதிவோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்ய முடியுமா?

ஏற்கெனவே இந்தக் குழிக்குள் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சோடியாக விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையைக் கடனிலிருந்து கழிக்க விதியில் இடமுண்டு. சேமிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தங்கையின் எண்களில் அந்தக் கடன் 37,044இலிருந்து 14,706 பவுணுக்கு இறங்கும். தானாக இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். முடிவுக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விசாரணைக்கு அழைத்தால் ஆலோசகரோ வழக்கறிஞரோ இல்லாமல் போகாதீர்கள். பயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு என்னிடம் வந்தவர்களுக்கு என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

நவம்பர் 20

துணைவர் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் தானே கொப்பியை எடுத்துக் கணக்கைப் பார்த்திருக்கிறார். 930 என்ற எண்ணைத் தங்கை எங்கே எழுதியிருந்தாளோ அதற்குக் கீழே பேனாவால் 1,000 என்று எழுதியிருக்கிறார். அறை வாடகை 650 மிச்சம், காருக்கு மாதாமாதம் கட்டிய காசும் மிச்சம், கொடுக்க முடியும் என்றாராம். ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி அவருடைய கணக்கிலிருந்து அவளுடைய கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்தார். கேட்டு வாங்க வேண்டியதில்லை, வாங்கிப் போட்டதைச் சொல்லிக் காட்டவும் தேவையில்லை.

நவம்பர் 20 காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து தங்கை எனக்கு இரண்டு படங்கள் அனுப்பினாள். ஒன்றில் 1,127.86, மற்றதில் 1,000. நாங்கள் பென்சிலால் எழுதியது பென்ஸ் வரை பிசகாமல் வந்திருந்தது.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. பருத்தித்துறை வீட்டில் தாயார் வசிப்பதற்கும் அவருடைய வயதுக்கும் ஆதாரம் கேட்டு ஜர்னலில் செய்தி வந்திருக்கிறது. கிராம சேவகரின் கடிதத்தையும் தாயாரின் பிறப்புச் சான்றிதழையும் தம்பி தபாலில் அனுப்பிவிட்டார். இரண்டும் தமிழில் இருக்கின்றன. மொழிபெயர்த்துக் கொடுக்க வருகிற சனிக்கிழமை இருவரும் பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வருகிறார்கள்.